சனி பகவானுக்கு இரண்டு முகவரி

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ‘அறிவியலா, ஆன்மிகமா’ என்று மல்லுக்கு நிற்கிற கடிதங்கள். சபா கேன்டீனில் எந்த அடை தேவலை என்று வழக்கமாகக் கேட்கும் வாசகர்களுக்கு என்ன ஆச்சோ தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி: கடவுள் இருக்கிறாரா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.
(அவசரக்காரர், லஸ் கார்னர்)

பதில்: இருந்தால் இந்தப் பத்தியைப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. இல்லாவிட்டால் படிக்க வழியே இல்லை. எப்படிப் பார்த்தாலும் மறுப்புக் கடிதம் வராது என்ற தைரியத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று டி.வி.யில் சொன்னார்கள். அலறியடித்துக்கொண்டு எள் தீபம் போட்டேன். திருநள்ளாறு கோயிலிலோ பெயர்ச்சி 2026-ல்தான் என்று அறிவித்துவிட்டார்கள். என் பரிகாரம் செல்லுமா? அறிவியல் இதில் யார் பக்கம்?
(ஏழரைச் சனிக்காரர், கிழக்கு மாட வீதி)

பதில்: பரிகாரம் செல்லும். அர்ச்சனைச் சீட்டில் காலாவதித் தேதி போடுகிற வழக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் நல்ல கேள்வி கேட்டீர்கள், கொஞ்சம் உட்காருங்கள்.

இந்தத் தகராறில் மதமும் அறிவியலும் மோதவே இல்லை. பஞ்சாங்கமும் பஞ்சாங்கமும் மோதுகின்றன. வாக்கியம், திருக்கணிதம் என்று நம்மிடம் இரண்டு கட்சி. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குள் போனது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. முந்தைய பெயர்ச்சியிலும் இதே கூத்துதான்: ஒரு கட்சிக்கு 2023 ஜனவரி 17, இன்னொரு கட்சிக்கு அதே வருஷம் டிசம்பர் 20. ஒரு ராசியில் இரண்டரை வருஷம் குடியிருக்கிற கிரகம், அதில் பதினோரு மாதம் இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. திருநள்ளாறு வாக்கியக் கட்சி. அதனால்தான் அவர்கள் பதறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சனி ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத வஸ்து இல்லை. மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். திருக்கணிதம் என்ற சொல்லுக்குள் இருப்பதே ‘த்ருக்’, அதாவது பார்வை. கணக்கு என்ன சொன்னாலும் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள் என்கிற கட்சி அது.

இதைச் சென்னையில் உரக்கச் சொன்னவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானியல் கூடத்தில் உதவியாளராக இருந்தவர். (கட்டடம் போய்விட்டது, அந்தக் காலத்துக் கருங்கல் தூண் ஒன்று வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது.) 1867-ல் ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். இரவில் துரைமாரின் தொலைநோக்கி, பகலில் நம் பஞ்சாங்கம் என்று வாழ்ந்த மனுஷர். அவருடைய வாதம் எளிமையானது. திதி தப்பினால் திவசம் தப்பும். சாஸ்திரத்தின் மேல் அக்கறை இருக்கிறவன்தான் கணக்கை முதலில் சரி பார்க்க வேண்டும். நாத்திகன் எதற்குப் பார்க்கப் போகிறான்?

1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே நடந்தபோது, ஜனங்களுக்குப் புரியட்டும் என்று பல மொழிகளில் சிறு புத்தகம் போட்டார். அதை ஒரு சித்தாந்தியும் அவர் நண்பரும் பேசிக்கொள்கிற மாதிரி எழுதினார். அதாவது கேள்வி-பதில். எனக்கு நூற்றைம்பது வருஷ சீனியர். 1880-ல் காலமானார். மாட வீதியில் நவக்கிரகம் சுற்றும்போது சனிக்கு ஒரு விளக்கு போட்டால், இவர் பேரைச் சொல்லி இன்னொன்று போடுங்கள். தப்பில்லை.

கேள்வி: அப்படியானால் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் முட்டாள்களா? எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகப் பாம்புப் பஞ்சாங்கம்தான்.
(பாம்புப் பஞ்சாங்கப் பரம்பரை, மாங்கொல்லை)

பதில்: முட்டாள்களா? 1825-ல் ஜான் வாரன் என்ற துரை பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். வாரனும் சென்னை வானியல் கூடத்தில் வேலை பார்த்தவர்தான், லேசில் அசருகிற ஆள் இல்லை. பஞ்சாங்கக்காரர் தரையில் சோழியைப் பரப்பினார். காகிதம் இல்லை, பேனா இல்லை. மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழியை நகர்த்தி, வரப்போகிற சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொல்லிவிட்டார். கிரகணம் தொடங்கிய நேரத்தில் பிசகு 4 நிமிஷம். நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம். மின்சார வாரியம் அறிவிக்கிற மின்தடை நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அருமை தெரியும்.

சந்திரனுக்கென்று 248 வாக்கியங்கள், வரருசி செய்தது என்பார்கள். ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வர சுமார் 27.55 நாள். அப்படி ஒன்பது சுற்று போனால் 248 நாள், கிட்டத்தட்ட மீதியே இல்லாமல். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து, எண்ணையெல்லாம் சொற்றொடராக்கி, குழந்தைகளுக்கு உருப்போட வைத்துவிட்டார்கள். இது மூடநம்பிக்கை இல்லை. கம்ப்யூட்டர் இல்லாத ஊரில் செய்த சாஃப்ட்வேர். ஒரே குறை, அப்டேட் போடவில்லை. போட வந்தவரை ‘வெள்ளைக்காரன் கணக்கு’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். வரருசி இன்றைக்கு இருந்தால் முதல் ஆளாகத் திருத்தியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: அட்சய திருதியை அன்று வாங்கிய தங்கம் பெருகும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா?
(உஸ்மான் ரோடு கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவள், தி. நகர்)

பதில்: அட்சயம் என்றால் குறையாதது. கூட்டம் குறையவில்லை, கூலி-சேதாரம் குறையவில்லை. இரண்டுக்கும் நீங்களே கண்கண்ட சாட்சி.

கேள்வி: கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை வைத்தால் நெட்டுக்குத்தாக நிற்கிறதே! பாட்டி கண்ணால் பார்த்திருக்கிறார். இதற்கு விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள்?
(கல்லூரி மாணவி, அடையாறு)

பதில்: விஞ்ஞானி எதற்கு? நானே போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், வானத்தில் எந்த விசேஷமும் இல்லாத வேளையில், சமையலறையில் நிறுத்திப் பார்த்தேன். பூண் சமமாக இருந்தது, தரை சமமாக இருந்தது, மூன்றாவது முயற்சியில் உலக்கை ஜம்மென்று நின்றது. வீட்டுக்காரி உள்ளே வந்து ‘ரிட்டயர் ஆனவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு...’ என்று ஆரம்பித்ததும் விழுந்தது. கிரகணம் விட்டால் உலக்கை விழும் என்பதற்கு இதுதான் எனக்குக் கிடைத்த ஒரே சான்று.

பாட்டி பொய் சொல்லவில்லை. கிரகணத்தன்று நிற்பதை மட்டும் பார்த்திருக்கிறார்; மற்ற நாளில் யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவே. பாட்டி சொல்வதில் ஒன்றை மட்டும் அப்படியே கேளுங்கள்: சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்காதே. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுக்கொண்டிருக்கும்போது நமக்கே தெரியாமல் சுடும். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் வளையமாகவும் சென்னையில் அரைகுறையாகவும் தெரிந்ததே, அப்போது நான் கோட்டூர்புரம் கோளரங்கம் பக்கம் போய் வடிகட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சந்திர கிரகணத்துக்கு அந்தப் பயமே வேண்டாம். கர்ப்பிணிகளும் தாராளமாகப் பார்க்கலாம், கையில் தயிர்சாதக் கிண்ணத்தோடு.

கேள்வி: ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்கு சொல்லிக் கொடுத்தாள் என்பதை நாத்திகர்கள் எப்படி மறுப்பார்கள்?
(ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், திருவல்லிக்கேணியிலிருந்து மயிலைக்கு மாறியவர்)

பதில்: மறுப்பானேன்? பென்சீன் வளையத்தைக் கனவில் கண்டதாகச் சொன்ன ஜெர்மன் வேதியியலாளர் கெகுலேயை யாரும் ஜெயிலில் போடவில்லை. யோசனை எங்கிருந்து வந்தது என்று அறிவியல் கேட்பதே இல்லை ஐயா. தாயார் சொன்னாளா, தாடிக்காரர் சொன்னாரா, டிகாக்‌ஷன் சொன்னதா, எதுவானாலும் சரி. வந்த பிறகு நிற்கிறதா என்றுதான் கேட்கும்.

இதில் ஒரு சங்கடமான தகவல், வாத்தியாருக்குத் தெரிந்தே இருக்கும். 1913 ஜனவரியில் துறைமுகக் கழகத்தின் முப்பது ரூபாய் குமாஸ்தா, கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினாரே, அந்தக் கடிதங்களில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் சில தப்பு. தாயார் தப்பாகச் சொன்னாள் என்பதா, பையன் தப்பாகக் கேட்டுக்கொண்டான் என்பதா? ஹார்டி இரண்டையும் சொல்லவில்லை. நிரூபணம் எங்கே என்று கேட்டார். ராமானுஜனும் கோபித்துக்கொள்ளவில்லை, 1914-ல் கப்பலேறிப் போய் நிரூபணத்தைக் கற்றுக்கொண்டார்.

ஹார்டி கடவுளை நம்பாதவர் என்பார்கள். எனக்கென்னவோ சந்தேகம். கொந்தளிக்கிற கடலைக் கடக்கும் முன் நண்பருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாராம், கணக்கில் இன்னும் யாரும் நிரூபிக்காத ரீமன் கருதுகோளை நிரூபித்துவிட்டேன் என்று. நிரூபிக்கவில்லை. ஆனால் கப்பல் மூழ்கினால் அந்தப் பெருமையோடு சாகும்படி ஆகிவிடுமே, கடவுள் அதற்கு விடமாட்டார் என்று கணக்கு. இல்லாதவரிடம் இவ்வளவு சாமர்த்தியமாக இன்ஷூரன்ஸ் எடுத்த ஆள் வேறு யாரும் இல்லை.

கேள்வி: ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ விஞ்ஞானிகள் திருப்பதிக்குப் போவது சரியா, தப்பா?
(ஐ.ஐ.டி. வாசலில் டீக்கடை விவாதக் குழு)

பதில்: 2019-ல் சந்திரயான்-2க்கு முன்னாலும் போனார்கள். 2023-ல் சந்திரயான்-3க்கு முன்னாலும், சின்ன மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். சூளூர்ப்பேட்டை செங்காளம்மனையும் கும்பிட்டார்கள். முதலாவது செப்டம்பர் 7 அன்று நிலாவில் மோதியது. அடுத்தது ஆகஸ்ட் 23 அன்று பூப்போல இறங்கியது. இரண்டிலும் மாறாத சமாசாரம் பெருமாள். மாறியவை என்ன? கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குகிற இடத்தின் பரப்பைப் பெரிதாக்கினார்கள், எதெல்லாம் பழுதாகலாம் என்று பட்டியல் போட்டு மென்பொருளைத் திருத்தினார்கள். இதைப் பெருமாளும் படித்திருப்பார். தன் பேரில் வந்த பாராட்டை திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேலுக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்.

போகிறவர்கள் போகட்டும். லட்டு கொண்டுவந்து ஆபீஸில் விநியோகித்தால் போதும். திருமலைக்குப் போய்விட்டோமே என்று ஒரு பரிசோதனையை விட்டுவிட்டு வந்தால்தான் நான் கவலைப்படுவேன். இதுவரை விட்டதாகக் கேள்விப்படவில்லை.

கேள்வி: திருநள்ளாறுக்கு மேலே போகும்போது நாசா செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்று போகிறதாமே? சிதம்பரம் பூமியின் காந்த மையமாமே? மாமனார் தினம் ஒன்று அனுப்புகிறார்.
(மருமகள், ரங்கநாதன் தெரு)

பதில்: அம்மா, தாழ்வட்டத்தில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால்தான் விழாமல் இருக்கிறது. (ஏழரை என்றதும் மாமனார் குதிப்பார், இந்த வரியைக் காட்டாதீர்கள்.) அது நின்றால் நிற்காது, விழும். மூன்று விநாடி நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி கிளம்ப அது தாம்பரம் டவுன் பஸ் இல்லை.

காந்த நடுக்கோடு சங்கதியில் ஒரு துளி உண்மை உண்டு. அந்தக் கோடு இந்தியாவின் தென்கோடிப் பக்கமாகப் போகிறது. அதனால்தான் கேரளத்துத் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே இருந்தது மகதலேனா மரியாள் தேவாலயம். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா, சபையாரைக் கேட்டுவிட்டுக் கோயிலையே விட்டுக்கொடுத்தார். பிஷப் வீடு அலுவலகம், தேவாலயம் பட்டறை. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. அப்துல் கலாம் வேலை பார்த்தது அந்த இடத்தில்தான். இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை, பார்த்தீர்களா? நிஜம் என்பதால் இருக்கும்.

எனக்குப் புரியாத ஒன்று: பக்திக்கு எதற்கு நாசாவின் கையெழுத்து? தாசில்தார் ஆபீஸில் சான்றிதழ் நகலுக்குக் கெஜட்டட் ஆபீசரைத் தேடுவது மாதிரி, சிவபெருமானுக்கு அமெரிக்காவில் போய் அட்டெஸ்டேஷன் வாங்குகிறார்கள். தேவாரம் பாடியவர்களுக்கு இந்தத் தேவை இருந்ததாகத் தெரியவில்லை. மாமனாரிடம் நாத்திகம் பேசாதீர்கள். ‘மாமா, உங்கள் நம்பிக்கை அவ்வளவு பலவீனமா?’ என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: அன்னி பெசன்ட் நாத்திகராக இருந்தவர் என்கிறான் பேரன். அவர் பேரில் உள்ள நகரில் அஷ்டலட்சுமியும் வேளாங்கண்ணி மாதாவும் குடியிருக்கிறார்களே?
(தாத்தா, பெசன்ட் நகர்)

பதில்: பேரன் சொல்வது நிஜம். லண்டனில் சார்ல்ஸ் பிராட்லாவோடு மேடை மேடையாக ஏறிக் கடவுளை மறுத்த அம்மையார். 1889-ல் பிளாவட்ஸ்கி எழுதிய தடிப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதச் சொன்னார்கள். எழுதிய கையோடு அவருக்கே சிஷ்யை ஆகிவிட்டார். ஓசிப் புத்தகம் வாங்கி மதிப்புரை எழுதுகிற நண்பர்கள் கவனிக்கவும்.

பிளாவட்ஸ்கியின் பிரம்மஞான சபை 1875-ல் நியூயார்க்கில் பிறந்து 1882-ல் அடையாற்று ஓரம் வந்து சேர்ந்தது. சத்தியத்தைவிட உயர்ந்த மதம் இல்லை என்பது அவர்கள் சின்னத்தில் இருக்கிற கொள்கை. நல்ல கொள்கை, ஆகவே சோதனையும் சீக்கிரமே வந்தது. ‘மகாத்மாக்கள்’ எனப்பட்ட மறைகுருமாரின் கடிதங்கள் ஓர் அலமாரியில் தானாகத் தோன்றுகின்றன என்ற பேச்சு இருந்தது. 1884-ல் வீட்டு நிர்வாகம் பார்த்த தம்பதி வெளியேற்றப்பட்ட கோபத்தில், பிளாவட்ஸ்கி எழுதியதாகச் சில கடிதங்களைக் கொடுக்க, கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை அவற்றை வெளியிட்டது. லண்டனிலிருந்து ஆவியுலக ஆராய்ச்சிச் சங்கம் ஹாட்ஜ்சன் என்பவரை அனுப்பியது. அவர் அடையாறில் தங்கி விசாரித்து, 1885-ல் எல்லாம் மோசடி என்று அறிக்கை எழுதினார். கதை அத்தோடு முடியவில்லை. 1986-ல் அதே சங்கத்தின் இதழில், ஹாட்ஜ்சன் அறிக்கையே ஒருதலைப்பட்சம் என்று வெர்னான் ஹாரிசன் ஒரு கட்டுரை எழுதினார். நூறு வருஷம் கழித்துத் தன் தீர்ப்பையே மறுபடி கிளறவிட்ட அந்தச் சங்கத்தை எனக்குப் பிடிக்கிறது.

பெசன்ட் அம்மையாரின் சொந்தச் சறுக்கல் வேறு. அவரும் சபைத் தோழர் லெட்பீட்டரும் ஞானதிருஷ்டியால் அணுவுக்குள் பார்த்து, 1908-ல் புத்தகமே போட்டார்கள். ஹைட்ரஜனுக்குள் 18 மூல அணுக்கள் இருப்பதாக எண்ணிச் சொன்னார்கள். வேறு யாராவது எண்ணிப் பார்க்கலாம் என்றால், ஞானதிருஷ்டி வேண்டும். மூன்றே வருஷத்தில் ரூதர்ஃபோர்டு அணுக்கருவைச் சொன்னார். சந்தேகப்பட்டவர்கள் தங்கத் தகட்டை எடுத்துத் தாங்களே செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், அதுவே மொத்தமும்.

ஆனால் அந்த அடையாறு மணலில் 1909-ல் லெட்பீட்டர் கண்டெடுத்த பையன், உலக குருவாக ஆக வேண்டியவன், 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில் தனக்காக நிறுவிய சங்கத்தைத் தானே கலைத்தான். யாரையும் பின்பற்றாதீர்கள் என்றான். ஜே. கிருஷ்ணமூர்த்தி. அதைக் கேட்டவர்கள் அவரைப் பின்பற்றினார்கள் என்பது தனிக் கதை.

கேள்வி: பெரியாருக்கு முன் தமிழ்நாட்டில் நாத்திகமே கிடையாது அல்லவா?
(சரித்திர மாணவர், ஆழ்வார்பேட்டை)

பதில்: ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழ் 1882 முதல் 1888 வரை சென்னையில் நடந்தது. நடத்தியது சென்னை லௌகிக சங்கம். பிராட்லாவின் லண்டன் சங்கத்தைப் பார்த்து உற்சாகம் பெற்றவர்கள். அவர்கள் கொண்டாடிய பிராட்லாவின் தோழி பெசன்ட், 1893-ல் இந்தியாவுக்கே வந்து இறங்கினார், பிரம்மஞானியாக. அவர்களில் மிச்சம் இருந்தவர்களின் முகத்தை யாராவது படம் பிடித்து வைத்திருக்கக்கூடாதா! அப்புறம் சிங்காரவேலர். 1923 மே தினத்தை மெரினா மணலில் கொண்டாடியவர், ‘குடி அரசு’ இதழில் டார்வினையும் வானவியலையும் ஜனங்களுக்குச் சொன்னார். பகுத்தறிவு நம் ஊருக்கு ஈரோட்டு ரயிலில் மட்டும் வரவில்லை.

கேள்வி: வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு இன்டர்வியூ. ராகு காலம். போகலாமா?
(வேலை தேடுபவர், பாண்டி பஜார்)

பதில்: ராகு காலம் என்பது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. காலண்டரில் போடுகிற ஒன்றரை மணி, ஆறுக்கு உதயம் ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்த தோராயம். சென்னையில் மே கடைசியில் 5.40-ஐ ஒட்டி விடிகிறது. ஜனவரி கடைசியில் 6.35-ஐ ஒட்டி. பங்கும் டிசம்பரில் 85 நிமிஷம், ஜூனில் 97 நிமிஷம். ஆகவே நம்புகிறவர் என்றால் முறையாகக் கணக்குப் போட்டு நம்புங்கள். ஜனவரி கடைசியில் பத்தரைக்கு ராகு காலம் இன்னும் ஆரம்பித்தே இருக்காது. நம்பாதவர் என்றால் பத்தேகாலுக்கே போய்விடுங்கள். மற்றவர்கள் தயங்கி நிற்பார்கள், வரிசை சின்னதாக இருக்கும்.

கேள்வி: 1995-ல் பிள்ளையார் பால் குடித்தாரே?
(நேரில் பார்த்தவள், வெங்கடநாராயணா ரோடு)

பதில்: செப்டம்பர் 21, வியாழக்கிழமை. நானும் அரை லிட்டர் பாக்கெட்டோடு தி. நகரில் ஒரு பிள்ளையார் முன்னால் வரிசையில் நின்றேன். குடித்தார். ஸ்பூனைச் சாய்த்துத் துதிக்கையைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் பால் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகக் கீழே வழிகிறது. டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சாயம் விக்கிரகத்தின் மேலே வழிந்த தடம் தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சொன்னதுதான் நினைவில் நிற்கிறது: ‘கொழுக்கட்டை கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே சார்!’

கேள்வி: விஞ்ஞானிகள் மட்டும் சரி பார்த்துத்தான் நம்புகிறார்களா? அவர்களிடம் குருட்டு நம்பிக்கை இல்லையா?
(சந்தேகப் பிராணி, ராதாகிருஷ்ணன் சாலை)

பதில்: உங்கள் சாலையிலிருந்தே பதில். அது எட்வர்ட் எலியட்ஸ் ரோடாக இருந்த காலத்தில் அங்கே ‘சந்திர விலாஸ்’ என்று ஒரு வீடு. சி.வி. ராமனின் அண்ணன் வீடு. அந்த வீட்டுப் பையன் சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-ல் கப்பலில் போகும்போதே, ஓர் எல்லைக்கு மேல் கனமான நட்சத்திரம் வெண்குள்ளனாக அடங்கி உட்காராது என்று கணக்குப் போட்டார். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அதைப் படித்தார். படித்து முடித்ததும் எடிங்டன் எழுந்தார். உலகப் பெரிய வானியலாளர். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாதபடி இயற்கையில் ஏதாவது விதி இருந்தாக வேண்டும் என்று கேலி செய்தார். சபை சிரித்தது.

எடிங்டன் குவேக்கர் கிறிஸ்தவர், பக்திமான். சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர். ‘பார்த்தீர்களா, மதம் அறிவியலை மிதித்தது’ என்று எழுத எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் எடிங்டனின் பிடிவாதம் பைபிளிலிருந்து வரவில்லை. நட்சத்திரம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற தன் சொந்த ரசனையிலிருந்து வந்தது. எல்லாருடைய மூளையிலும் ஒரு மடம் உண்டு; அதற்கு ஒரு மடாதிபதியும் உண்டு. மயிலாப்பூர்ப் பையனுக்கு நோபல் கிடைத்தது 1983-ல். எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் இருக்கிறது: பிரபஞ்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது என்று சொன்ன லெமெய்த்ர் கத்தோலிக்கப் பாதிரியார். போப் அதை ஆதியாகமத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டபோது சங்கடப்பட்டவரும் அவரே.

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த வாரம் இதய அறுவை சிகிச்சை. வீட்டில் ஒரு கோஷ்டி பிரார்த்தனை, ஒரு கோஷ்டி கிண்டல். நான் நடுவில்.
(மகள், இந்திரா நகர்)

பதில்: கிண்டல் கோஷ்டியை முதலில் கேன்டீனுக்கு அனுப்புங்கள்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முடிவு 2006-ல் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் சிக்கல்கள் குறையவில்லை. ‘உங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள்’ என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல். விஷயம் தெரியாமல் பிரார்த்தனை பெற்றவர்களில் 52. இவ்வளவு பேர் வேண்டிக்கொள்கிறார்கள் என்றால் நம் நிலைமை அவ்வளவு மோசமா என்று பயந்திருக்கலாம் என்பது ஒரு ஊகம்.

ஆகவே தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், அம்மாவிடம் சொல்லாமல். அம்மாவே ஸ்லோகம் சொல்லிக்கொண்டு தைரியமாக உள்ளே போனால் அதை யாரும் தடுக்க வேண்டாம். இந்தச் சோதனை அதைப் பற்றியதே இல்லை. உங்கள் பக்கத்திலேயே இருக்கிற அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் துக்கத்தில் தொடங்கி 1954-ல் எழுந்தது. அந்தத் துக்கத்தை எந்த ஆய்வகத்திலும் அளக்க முடியாது. ஆனால் அங்கே கொடுக்கிற மருந்தை மில்லிகிராமில் அளந்துதான் கொடுக்கிறார்கள். அம்மா நலமாகத் திரும்பியதும் எழுதுங்கள்.

கேள்வி: எலும்பாகக் குடத்தில் இருந்த பூம்பாவையைச் சம்பந்தர் பாடி எழுப்பியதை நம்புகிறீர்களா?
(அறுபத்து மூவர் விழாவில் மோர் கொடுப்பவர், மயிலாப்பூர்)

பதில்: மோரை நம்புகிறேன், பங்குனி வெயிலில் மூன்று டம்ளர் குடித்திருக்கிறேன்.

பூம்பாவை எழுந்தாளா என்று என்னால் சரி பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பதிகத்தில் என்ன இருக்கிறது பாருங்கள். இறந்துபோன பெண்ணிடம் சொர்க்கத்தைப் பற்றியோ மோட்சத்தைப் பற்றியோ பேச்சே இல்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாவாக அடுக்கி, இதையெல்லாம் பார்க்காமலா போய்விடுவாய் என்று கேட்கிறார். சரித்திரக்காரர்களுக்கு அது ஏழாம் நூற்றாண்டு மயிலையின் வருஷக் காலண்டர். கோயில் அன்று கடலோரம் இருந்தது என்பவர்களுக்கு அந்தக் கடலாட்டும் ஒரு சாட்சி. செத்தவளை எழுப்ப ஊர்த் திருவிழா போதும் என்று நினைத்தவர் எப்பேர்ப்பட்ட மயிலாப்பூர்க்காரராக இருந்திருப்பார்! அவர் சீர்காழி என்பது மட்டும் சற்று இடிக்கிறது.

கேள்வி: மத்திய கைலாஷில் பாதி பிள்ளையார், பாதி ஆஞ்சநேயர். அறிவியலும் ஆன்மிகமும் அப்படிச் சேர முடியாதா?
(சமாதானப் பிரியர், கஸ்தூரிபா நகர்)

பதில்: சேர்த்துப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த வாசல் சிக்னலில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கேள்வி: அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறதாமே?
(போட்டித் தேர்வு எழுதுபவர், சைதாப்பேட்டை)

பதில்: இருக்கிறது. அரசியலமைப்பின் 51ஏ பிரிவு, ‘எச்’ உட்பிரிவு. 1976-ல் 42-வது திருத்தத்தில் சேர்த்தார்கள். நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது. கேள்வி கேட்பதைக் கடமையாக்கிய வருஷத்தில் கேள்வி கேட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். தேர்வில் முதல் பாதியை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம்?
(பக்கத்து வீட்டுக்காரர், பேர் வேண்டாம்)

பதில்: உமக்குத் தெரியாததா? வீட்டுக்காரி பாம்பு, நான் திருக்கணிதம். போன வருஷம் என் அம்மாவின் திதியில் இரண்டும் ஒரு நாள் முன்னே பின்னே வந்தன. ரகுநாதாச்சாரியிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘உங்கள் அம்மா எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பார்?’ என்றாள். பாம்பு. அதற்கு மேல் நான் பேசவில்லை. அவள் சொன்ன நாளில் திவசம். நான் சொன்ன நாளில் எனக்கு மட்டும் தனியாக நாலு வடை. நீர் சுவரைத் தாண்டி வாசனை பிடித்தது இரண்டாவது நாள்.